அளவும் நாணயமும்

(கிராமப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கங்களின் செயலாளர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



'தொழிலில் நேர்மை' என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு எங்களைப் பணித்திருக்கிறார்கள். பொருள் பெரிது. நாங்களோ ஒரு சிற்றூரில் காலையும் மாலையும் பால் வாங்கிக் கேன்களில் நிரப்பி வண்டியேற்றி அனுப்பும் சங்கம் ஒன்றின் நிர்வாகக் குழுவினர். அறநூல்களுக்கு விளக்கம் சொல்லும் புலமை எங்களிடம் இல்லை. எங்கள் சங்கத்தில் நாங்கள் அறியாமலே நேர்மை தவறியது எவ்வாறு, அதைத் திருத்தப் புகுந்தபோது நேர்ந்தவை யாவை என்பவற்றைச் சொல்ல இயலும். 'அறியாமலே' என்று சொன்னோம். அச்சொல் முழு உண்மையன்று என்பது போகப்போக விளங்கும்.

எங்கள் சங்கம் பல ஆண்டுகளாக இலாபத்தில் நடந்துவந்தது. ஆண்டறிக்கையில் 'பால் மிகுதி' என்றோர் இனம் தவறாது இடம்பெறும். உறுப்பினர்களிடமிருந்து வாங்கியதாகப் பதிவான பாலைக் காட்டிலும், உள்ளூரில் விற்றதும் ஒன்றியத்திற்கு அனுப்பியதும் சேர்ந்த அளவு கூடுதலாக இருக்கும். அக்கூடுதலை விற்ற பணம் வரவில் சேரும். அதனை நாங்கள் நிர்வாகத் திறமை என்றே எண்ணியிருந்தோம். கணக்குப் பார்க்க வருகிறவர்களும் பற்றாக்குறை தென்பட்டால் கேள்வி கேட்பார்களேயன்றி, மிகுதியைக் கண்டு எவரும் முகஞ்சுளித்ததில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த பேரவைக் கூட்டத்தில் தலைவர் அறிக்கையை வாசித்துக்கொண்டிருந்தார். ஓர் எருமையை வைத்துப் பிழைக்கும் மூதாட்டி ஒருவர் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தார்.

"ஏம்ப்பா, மிச்சப் பாலு மிச்சப் பாலுன்னு வாசிக்கிறியே, அது எந்த மாடு கறந்த பாலு?"

கூட்டம் சிரித்தது. எங்களில் ஒருவர், "அது கணக்கு ஆத்தா, உனக்குப் புரியாது" என்று சொல்லிவிட்டார்.

"கணக்கு எனக்குப் புரியாதுப்பா. மாடு புரியும். கறக்காத பாலு எங்கிருந்தும் வராது" என்று சொல்லி அவர் உட்கார்ந்துகொண்டார்.

அன்று அறிக்கை நிறைவேறியது. அந்தக் கேள்வி மட்டும் எங்களை விடவில்லை. ஒரு தொழிலை விழிப்போடு நடத்துவதென்றால் என்ன என்று இன்று எங்களைக் கேட்பீர்களாயின், வரவில் உள்ள ஒவ்வோர் இனத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, அந்த மூதாட்டி கேட்ட கேள்வியைக் கேட்பதுதான் என்று சொல்வோம். பளிங்குக் கடையாயினும் பலசரக்குக் கடையாயினும் செங்கற் சூளையாயினும் இக்கேள்வி பொருந்தும். இந்த ஆதாயம் எந்தக் கொட்டகையிலிருந்து வந்தது?

நாங்கள் தேடிப் பார்த்தோம். மூன்று இடங்கள் தென்பட்டன.

முதலாவது, அளவை. பாலை அளக்கும்போது பின்னத்தை விட்டுவிடுவது எங்கள் வழக்கமாயிருந்தது. இரண்டு லிட்டருக்கு மேல் சிறிது நின்றால் அது இரண்டு என்றே எழுதப்படும். நுரையும் உறுப்பினர் கணக்கிலேயே கழிந்தது. ஒரு வேளைக்கு 50 மில்லி லிட்டர் இவ்வாறு விடுபடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரு வேளைக்கு 100; ஓராண்டுக்கு முப்பத்தாறரை லிட்டர். நாளொன்றுக்கு நான்கு லிட்டர் ஊற்றும் அந்த மூதாட்டிக்கு இது ஒன்பது நாள் பால். ஒன்பது நாள் புல் அறுத்துப் போட்டு, புண்ணாக்கு ஊறவைத்து, விடியுமுன் எழுந்து கறந்ததை அவர் எங்களுக்கு இனாமாகத் தந்திருக்கிறார். நூறு பேர் ஊற்றும் சங்கமாயின் 3,650 லிட்டர். எங்கள் நிர்வாகத் திறமையின் பெரும்பகுதி இதுதான்.

அளவையைப் பற்றி நம் முன்னோர் எத்துணைக் கவலை கொண்டிருந்தனர் என்பதை இங்கே நினைவுகூர்வது தகும். தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டுகளில், பொன் நிறுத்த கல்லுக்கும் நெல் அளந்த மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்று இறைவன் பெயரே வழங்கக் காண்கிறோம். இவ்வளவு பொன், இவ்வளவு நெல் என்று எழுதியதோடு அமையாமல், எந்தக் கல்லால் நிறுத்தது, எந்த மரக்காலால் அளப்பது என்பதையும் வெட்டிவைத்தார்கள். அளவையைச் சொல்லாத கணக்கு கணக்காகாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வீசையும் பலமும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த குழப்பத்தை நீக்கவே 1956-ஆம் ஆண்டில் எடை, அளவைகளுக்கான சட்டம் நாடு முழுமைக்கும் இயற்றப்பட்டு மெட்ரிக் முறை வந்தது.

அந்த மெட்ரிக் முறையிலும் ஓர் ஓட்டை வைத்துக்கொள்ள எங்களால் முடிந்தது. அதுவே இரண்டாவது இடம். பால் தண்ணீரைவிடச் சிறிது கனமானது; 100 லிட்டர் பால் ஏறத்தாழ 103 கிலோகிராம் எடையிருக்கும். நாங்கள் உறுப்பினரிடம் லிட்டரில் வாங்கினோம்; அனுப்பும்போது கிலோவில் நிறுத்து எழுதினோம். இரண்டையும் ஒரே பத்தியில் ஒரே அலகுபோல் பதிந்துவந்தோம். நூற்றுக்கு மூன்று, எவரும் கறக்காமலே, காகிதத்தில் சுரந்தது. எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. ஆனால் ஆதாயம் எங்கள் பக்கம் விழுந்ததால் எவரும் அதனை ஆராயவுமில்லை. நட்டம் எங்கள் பக்கம் விழுந்திருந்தால் ஒரே வாரத்தில் கண்டுபிடித்திருப்போம்.

மூன்றாவது இடம் எங்களுக்கு மிகுந்த வெட்கத்தைத் தந்தது. கொழுப்புச் சோதனைக்கென்று ஒவ்வொருவர் பாலிலிருந்தும் மாதிரி எடுக்கிறோம் அல்லவா? கெர்பர் முறையில் சோதனைக்கு வேண்டிய பால் 10.75 மில்லி லிட்டர். எங்கள் சங்கத்தில் முகந்தெடுத்ததோ அதைப் போல் பன்மடங்கு. சோதித்தபின் எஞ்சிய பாலில் ஒரு பகுதி சங்கத்தின் மிகுதியிற் சேர்ந்தது. ஒரு பகுதி பால் பரிசோதகரின் தூக்குப் பாத்திரத்தில் அவர் வீட்டுக்கும் தேநீர்க் கடைக்கும் போயிற்று. இது எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் வாளாவிருந்தோம்.

முதலில் எங்களுக்குக் கோபமே வந்தது. பரிசோதகரை நீக்கிவிட வேண்டுமென்று குழுவில் இருவர் வாதாடினார்கள். அப்போது செயலாளர் சம்பளப் பதிவேட்டை எடுத்து மேசைமீது வைத்தார். அந்தத் தொகையில் ஒரு குடும்பம் பதினைந்து நாள் உண்ண முடியாது. பல ஆண்டுகளாக அதனை உயர்த்தாமல் வைத்திருந்தவர்கள் நாங்கள். 'ஏதோ கொஞ்சம் பால் எடுத்துக்கொள்கிறார், அதனால் சமாளித்துக்கொள்வார்' என்று எங்களில் எவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை; ஆயினும் எல்லாரும் அவ்வாறே எண்ணியிருந்தோம். நாங்கள் கொடுக்க வேண்டிய கூலியை அவர் உறுப்பினர் பாலில் வசூலித்துக்கொண்டார். திருட்டுப் பட்டம் அவருக்கு, சிக்கனப் பெயர் எங்களுக்கு. 'அறியாமலே' என்ற சொல் முழு உண்மையன்று என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

இவ்வாறு வந்த மிகுதி யாருக்கு உரியது? இக்கேள்விக்கு இங்கிலாந்து நாட்டு நெசவாளர் சிலர் 1844-ஆம் ஆண்டிலேயே ஒரு விடை கண்டார்கள். லங்காஷயரைச் சேர்ந்த ராச்டேல் நகரில் அக்காலத்துத் தொழிலாளர் கடைக்குக் கடனாளிகள். மாவில் படிகாரம் கலந்திருந்தாலும், எடை குறைந்திருந்தாலும், கடன்பட்டவன் வாய் திறக்க முடியாது. 28 பேர் ஆளுக்கு ஒரு பவுனாகச் சேர்த்த 28 பவுன் முதலில் அவ்வாண்டு டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, சில மெழுகுவர்த்திகள், இவ்வளவே சரக்கு. கலப்படமில்லாத பண்டம், சரியான எடை, கடனில்லா வியாபாரம், ஆளுக்கு ஒரு வாக்கு என்பவற்றை நியமமாகக் கொண்டார்கள்.

இவற்றையெல்லாம் நல்ல வணிகர் பலரும் செய்யக்கூடும். அவர்கள் புதிதாக நிலைநாட்டிய வழக்கம் வேறொன்று. கடைத்தெரு விலைக்கே விற்றார்கள். மிஞ்சியதை, யார் எவ்வளவு வாங்கினாரோ அந்த விகிதத்தில் அவரவருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். முதல் போட்டவருக்கு வரையறுத்த வட்டி. மிகுதியோ எவர் கையிலிருந்து வந்ததோ அவர் கைக்கே. நம் மூதாட்டியின் கேள்விக்கு இதைவிட நேரான விடை இல்லை. பின்னர் நம் நாட்டிலும் இம்முறை பரவியது. சென்னையில் 1904-ஆம் ஆண்டு தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள்.

எனினும் ராச்டேல்காரர்களைத் தெய்வமாக்கிவிட வேண்டாம். அவர்களைச் சார்ந்தோர் 1854-இல் ஒரு நூற்பு நெசவாலையைத் தொடங்கியபோது, இலாபத்தில் ஆலைத் தொழிலாளிக்கும் பங்கு என்று விதி செய்தார்கள். ஆலை செழித்தது, பங்குகளை வாங்கப் புதியவர்கள் வந்தார்கள். 1862-இல் அவர்கள் பெரும்பான்மை வாக்கினால் தொழிலாளியின் பங்கை எடுத்துவிட்டார்கள். விதிப்படி சரி, ஆளுக்கு ஒரு கை தூக்கியே செய்தார்கள். வாங்குபவனுக்கு நியாயம் செய்யத் தெரிந்த இயக்கம் வேலைக்காரனுக்கு நியாயம் செய்வதில் இடறியது. இதனைப் படித்தபோது எங்கள் பரிசோதகரின் தூக்குப் பாத்திரம் எங்கள் நினைவுக்கு வந்தது.

இனி, நாங்கள் செய்ததைச் சொல்லுகிறோம். அளவை 10 மில்லி லிட்டர் வரை துல்லியமாகப் பதியும்படி மின்னணுத் தராசுக்கு மாறினோம். வாங்குவதும் அனுப்புவதும் ஒரே அலகில். தராசின் முகப்பைப் பால் ஊற்றுபவரின் பக்கம் திருப்பி வைத்தோம். இதற்கு ஒரு காசும் செலவில்லை, ஆனால் குழுவில் நீண்ட நேரம் விவாதம் நடந்த பொருள் இதுதான். பரிசோதகரின் சம்பளத்தை உயர்த்தினோம். மாதிரி எடுக்கச் சிறு கரண்டி. எஞ்சியதைத் தனியே எழுதி, ஆண்டு முடிவில் ஊற்றிய அளவுப்படி உறுப்பினருக்கே சேர்க்கிறோம்.

கெர்பர் சோதனைக்குக் கந்தக அமிலம் வேண்டும். எங்கள் பரிசோதகர் கையுறையின்றி அதனை ஊற்றிவந்தார். முன்கையில் வெந்த தழும்புகள் உண்டு. அந்தத் தழும்புகளை நாங்கள் நாள்தோறும் பார்த்திருக்கிறோம். சம்பளத்தைப் பற்றிப் பேசிய அன்றுதான் அவை எங்கள் கண்ணில் பட்டன என்று சொல்ல வேண்டியிருக்கிறது. கையுறையும் கண்ணாடியும் வாங்கினோம். இவை ஓர் அண்டா விலைகூட ஆகவில்லை.

சோதனையைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். நாணயம் இரு பக்கமும் வேண்டிய பொருளாதலால். முற்காலத்தில் பாலுக்கு அளவைக் கொண்டே விலை. தண்ணீர் ஊற்றியவனுக்கும் கெட்டிப் பால் தந்தவனுக்கும் ஒரே காசு. எனவே நேர்மையானவனே தண்டம் கட்டினான். 1890-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பாப்காக் என்னும் பேராசிரியர், பாலின் கொழுப்பை எளிதில் அளக்கும் முறையைக் கண்டறிந்தார். அதற்குக் காப்புரிமை பெறாமல் உலகுக்கு விட்டுவிட்டார். ஏறத்தாழ அக்காலத்திலேயே சுவிட்சர்லாந்தில் கெர்பர் கண்ட முறைதான் நம் சங்கங்களில் வழங்கிவருவது. லாக்டோமீட்டர் என்னும் பால்மானி மட்டும் போதாதோ என்பீர்கள். தண்ணீர் சேர்த்தால் பால்மானி இறங்கும். ஆடையை எடுத்துவிட்டால் ஏறும். இரண்டையும் அளவறிந்து செய்பவனிடம் பால்மானி நல்ல பால் என்றே சாட்சி சொல்லும்.

நல்லவனுக்கு எதிராகவும் அது சாட்சி சொல்வதுண்டு. புதிதாகக் கறந்த சூட்டோடும் காற்றுக் குமிழ்களோடும் இருக்கும் பாலில் பால்மானி தாழ்ந்து நிற்கும். ஒருநாள் ஒரு சிறுவன் கறந்த சூட்டோடு ஓடிவந்து தந்த பாலை, நீர் கலந்தது என்று வரிசைக்கு முன்னால் திருப்பியனுப்பினோம். அவன் தாய் மாலையில் வந்து நின்ற கோலத்தை நாங்கள் மறக்கவில்லை. இப்போது வெப்பமானி பார்க்காமல் எவர் பாலையும் ஒதுக்குவதில்லை. ஐயம் தோன்றினால் ஆறவிட்டு மறுபடியும், அதன்மேல் கொழுப்புச் சோதனையும், ஊற்றியவர் கண்முன் செய்யவேண்டும் என்பது விதி. அன்று அவமானப்பட்ட குடும்பத்துக்கு அடுத்த பேரவையில் எழுந்து நின்று வருத்தம் தெரிவித்தோம்.

அந்த விதி முதலில் பிடித்தது யாரை என்கிறீர்கள்? எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் வீட்டுப் பாலை. பரிசோதகர் செய்தியைச் சொல்லவே அஞ்சினார். இருமுறை சோதித்தும் அதே முடிவு. வரிசையில் நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பால் திருப்பி அனுப்பப்பட்டது. அவர் குழுவிலிருந்து விலகினார். எங்களில் சிலருக்கு அவர் நெருங்கிய உறவினர். ஓராண்டுக் காலம் எங்கள் வீட்டு நல்லது கெட்டதற்கு அவர் வரவில்லை. பெரிய நகரத்து நிறுவனத்தில் விதியைச் செலுத்துபவன் வீட்டுக்குப் போய்விடலாம். கிராமத்தில் அவ்வாறு இயலாது. விதியைச் செலுத்தியவனும் அதற்கு உட்பட்டவனும் ஒரே குளத்தில் மாடு குளிப்பாட்ட வேண்டும்.

பணத்திலும் இழப்பு இருந்தது. மிகுதி சுருங்கியது, சம்பளம் ஏறியது. அவ்வாண்டு தீபாவளிக்கு ஊக்கத்தொகை கொடுக்க முடியவில்லை. அண்டையூரில் எவர்சில்வர் பாத்திரம் கொடுத்தார்கள். 'உங்கள் நேர்மையை வைத்துச் சோறு வடிக்க முடியுமா?' என்று எங்கள் உறுப்பினர்களே கேட்டார்கள். ஆண்டு முழுதும் சொட்டுச் சொட்டாக அவர்கள் கணக்கில் கூடுதலாக ஏறியிருந்த தொகை அந்தப் பாத்திரத்தின் விலையைக் காட்டிலும் அதிகம். ஆனால் சொட்டுச் சொட்டாக வருவது கண்ணுக்குத் தெரிவதில்லை. சொட்டுச் சொட்டாகப் போவதும் அவ்வாறே. சிலர் தனியார் வியாபாரிக்கு ஊற்றப் போனார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள், எல்லாரும் அல்லர். இதனை மறைக்காமல் சொல்வது கடமை. நேர்மையாக நடந்தால் உடனே செழிக்கும் என்று இந்த மேடையிலிருந்து சொல்லி உங்களை அனுப்பினால், அதுவும் ஒருவகைக் கலப்படமே. மறு ஆண்டு முதல் ஒவ்வொருவருக்கும் கூடுதலாகச் சென்ற தொகையைத் தனியே கணக்கிட்டுச் சீட்டில் அச்சிட்டுக் கொடுத்தோம். அதன்பின் முணுமுணுப்புக் குறைந்தது.

இன்னும் தீராத குறை ஒன்றுண்டு. அது பணம் கொடுக்கும் நாள். 1946-ஆம் ஆண்டு, அந்நாளைய பம்பாய் மாகாணத்துக் கேடா மாவட்டத்து உழவர்கள், தாங்கள் கறந்த பாலுக்கு இடையில் எவ்வளவு போகிறது என்பதே தெரியாத நிலையில், பதினைந்து நாள் ஒரு சொட்டும் கொடாமல் நின்றார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அவர்களுடைய ஒன்றியம் பதிவாயிற்று. திரிபுவனதாஸ் படேல் தலைமை தாங்கினார். சென்னை இலயோலாவிலும் கிண்டியிலும் பயின்ற வர்கீஸ் குரியன் 1949-இல் ஆனந்துக்குச் சென்றார். அங்கே வேரூன்றிய வழக்கங்களில் ஒன்று, காலைப் பாலுக்கு மாலையிலும் மாலைப் பாலுக்கு மறுநாள் காலையிலும் பணம் கொடுப்பது. ஏழைக்குப் பத்து நாள் தாமதம் என்பது பத்து நாள் வட்டி. எங்களுக்கு ஒன்றியத்திலிருந்து பணம் வரும் நாள் எங்கள் கையில் இல்லை. ஆனால் வந்த நாளையும் நாங்கள் கொடுத்த நாளையும் பலகையில் எழுதிவைப்பது எங்கள் கையில் இருக்கிறது. ஆறு மாதமாக எழுதிவருகிறோம். இரண்டு தடவை எங்களாலேயே மூன்று நாள் தாமதம் நேர்ந்தது. அதுவும் பலகையில் இருக்கிறது.

சென்ற பேரவையில் 'பால் மிகுதி' என்னும் இனம் முன்போலவே வாசிக்கப்பட்டது. முழுவதும் ஒழிந்துவிடவில்லை, கேன் மாற்றுவதில், மாதிரிப் பாலில் சிறிது நிற்கத்தான் செய்கிறது. எத்தனை லிட்டர், எதனால் வந்தது, யார் யாருக்குப் பிரித்தது என்று தலைவர் சொல்லி முடித்ததும் மூதாட்டி தம் பேத்தியிடம் சீட்டைக் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னார். பேத்தி படித்த தொகையில் இரண்டு ரூபாய் குறைவாயிருந்தது. கூட்டலில் நேர்ந்த பிழை. அங்கேயே திருத்திக் கொடுத்தோம்.

பிற்பகலில் அமிலம் ஊற்றும் முறையை எங்கள் பரிசோதகரே செய்து காட்டுவார். அமிலம் முதலில், பால் பிறகு குழாயின் சுவரோடு மெல்ல, அமைல் ஆல்கஹால் கடைசியில். கையுறை அணியாமல் எவரும் மேசைக்கு அருகில் வரவேண்டாம். தராசு கொண்டுவந்திருப்பவர்கள் அதன் முத்திரை எந்த நாள்வரை செல்லும் என்பதை இப்போதே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். உணவுக்குப் பின் ஒவ்வொன்றாகச் சோதிப்போம்.